அம்மா கேட்காத ஓட்டம்

மாரத்தான் ஓடப்போகிறேன் என்று நான் சொன்னபோது அம்மா தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து வாங்கிவந்த சின்ன வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தாள். "நல்லா ஓடு, உடம்புக்கு நல்லதுதான்" என்றாள். அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். "உனக்காகத்தாம்மா ஓடப்போறேன்" என்று சேர்த்துச் சொன்னேன்.

கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்காவ ஓடுதியா? நான் ஓடுனது பத்தாதா? இன்னும் நீ வேற ஓடணுமாக்கும்!"

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நாற்பத்தாறு வயதில், அதுவரை மாடிப்படிகூட மூச்சுவாங்காமல் ஏறத் தெரியாத ஒருத்தி, பெற்றவளைப் பெருமைப்படுத்த நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடுகிறேன் என்கிறாள். எந்தத் தாயாவது இதற்குச் சண்டை பிடிப்பாளா? என் அம்மா பிடிப்பாள்.

அவள் ஓடிய கதை இதுதான். ஆர்.கே.புரத்தில் எங்களுக்கு அரசாங்க குவார்ட்டர்ஸ். அம்மாவுக்கு லோதி ரோட்டில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. அப்பாவிடம் ஸ்கூட்டர் இருந்தது. ஆனால் அவருடைய ஆபீஸ் வேறு திசையில், அதனால் ஸ்கூட்டரும் வேறு திசையில். அம்மாவுக்கு பஸ்தான். தில்லியில் பஸ் ஸ்டாப் என்பது பஸ் நிற்கும் இடமல்ல, பயணிகள் நிற்கும் இடம். பஸ் அதைத் தாண்டிப் போய், நிற்கவும் செய்யாமல் போகவும் செய்யாமல் ஊர்ந்துகொண்டிருக்கும். ஓடிவந்து ஏறுகிறவர்கள் ஏறிக்கொள்ளவேண்டியது. ஆண்கள் கம்பியைப் பிடித்துத் தொங்கிவிடுவார்கள். அம்மா புடவைக் கொசுவத்தை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையில் டிபன் பை, இன்னொரு கையைத் தூக்கி "ரோக்கோ பையா, ரோக்கோ!" என்று பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடுவாள். நான் எதிர்ப்பக்கத்தில் ஸ்கூல் பஸ்ஸுக்கு நின்றுகொண்டு தினமும் இதைப் பார்ப்பேன்.

ஆபீஸுக்குத் தாமதமாகப் போனால் அரை நாள் கேஷுவல் லீவு கழிந்துவிடும். அந்த லீவு அம்மாவுக்குத் தேவைப்பட்டது. எனக்கு மஞ்சள் காமாலை வந்த வருஷம் என் பக்கத்திலேயே உட்கார்ந்து மோர்சாதம் ஊட்டினாளே, அது முழுக்க அவள் ஓடி ஓடிச் சேர்த்த லீவு. ஒருமுறை ஓடும்போது விழுந்து முட்டி கிழிந்து ரத்தம் வடிந்தது. வீட்டுக்குத் திரும்பவில்லை, அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஆபீஸுக்குத்தான் போனாள்.

இப்போது அவள் என்னோடு முனிர்காவில் இருக்கிறாள். ஒரு முட்டியை மாற்றியாகிவிட்டது. இன்னொன்று எப்போது என்பதுதான் பாக்கி. முதல் தடவை எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "சின்ன வயசுல ஸ்போர்ட்ஸ் ஏதாவது விளையாடினீங்களா, மாதாஜி?" என்று இந்தியில் கேட்டார். அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆமாம் டாக்டர், இந்த ஊர் இவளை வைத்து விளையாடியது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அன்று ராத்திரியே மாரத்தானுக்குப் பணம் கட்டினேன். ஓடியதற்காக அவளுக்கு யாரும் கைதட்டவில்லை, நான் தட்ட வைக்கிறேன் என்று ஒரு வீம்பு.

பயிற்சிக்கு ஒரு குழுவில் சேர்ந்தேன். நல்ல மனிதர்கள்தான், குறை சொல்லக்கூடாது. ஆனால் விடியற்காலைப் புகைமூட்டத்தில் இருமிக்கொண்டே "ஓட்டம் என்பது ஒரு தியானம்" என்று அவர்கள் ஆரம்பிக்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காருக்குள் உட்கார்ந்து ஓடவந்து, ஓடிவிட்டுக் காரில் திரும்பிப் போகிறவர்களுக்கு அது தியானம்தான். என் தெருமுனை ஸ்டாப்பில் இன்றைக்கும் பெண்கள் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுகிறார்கள். இப்போது பெண்களுக்கு டிக்கெட் இலவசம். அதனால் ஸ்டாப்பில் பெண்கள் மட்டும் நின்றால் சில டிரைவர்களுக்குக் கண்ணே தெரிவதில்லை.

ஓட்டத்துக்கு முதல் நாள், பெயரும் நம்பரும் அச்சடித்து மார்பில் குத்திக்கொள்கிற துணியை வாங்கப் போனேன். யாருக்காக ஓடுகிறோம் என்று முதுகில் ஒட்டிக்கொள்ள ஒரு காகிதம் கொடுத்தார்கள். நான் தமிழிலேயே 'அம்மாவுக்காக' என்று எழுதினேன். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் அர்த்தம் கேட்டாள். சொன்னேன். உடனே முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு, "ஓ, ஸாரி மேம். எப்போ போனாங்க?" என்றாள்.

"எங்கேயும் போகலை. வீட்டில் உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்" என்றேன். உயிரோடிருக்கும் தாய்க்காக யாரும் வியர்வை சிந்தமாட்டார்கள் போலிருக்கிறது.

வீட்டில் அம்மாவிடம் அந்தக் காகிதத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். நாளைக்கு டாக்ஸி வைத்துக் கூட்டிப்போகிறேன், முடிகிற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள் என்று கெஞ்சினேன்.

"ஏட்டி, நான் ஓடுனது ஓட்டமா? மானத்த விட்டுட்டு ஓடுனேன். உள்ள உக்காந்திருக்கவன் பூரா வேடிக்க பாப்பான், கண்டக்டர் சிரிப்பான். ஆபீஸ் போயி பாத்ரூம்ல நின்னு அழுதுட்டுத்தான் சீட்டுக்குப் போவேன். அத நீ முதுகுல எழுதி ஒட்டிக்கிட்டுப் போறியாக்கும். என் பேர அதுல இழுக்காத."

அவள் அழுதாள் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்ததும் இரக்கம்தானே வரவேண்டும்? எனக்குக் கோபம்தான் இன்னும் ஏறியது. அந்த கண்டக்டர் மேல், அந்த ஆபீஸ் மேல், இத்தனை வருஷமாக என்னிடம் சொல்லாத இவள் மேல். இவள் ஒப்புக்கொள்ளாவிட்டால் நான் யாருக்காக ஓடுவது? காகிதத்தைக் கிழிக்கவும் மனமில்லை. காலையில் முதுகில் ஒட்டிக்கொண்டே கிளம்பினேன். அம்மா வாசல்வரை வந்தாள். காபி கொடுத்தாள். வரமாட்டேன் என்பதில் மாற்றமில்லை.

முதல் பாதி நன்றாகத்தான் போனது. சாலை முழுக்க எங்களுக்கு. வழியெல்லாம் தண்ணீர், ஆரஞ்சுச் சுளை, மேளம். முன்பின் தெரியாதவர்கள் என் பெயரைப் படித்துக் கூப்பிட்டுக் கைதட்டினார்கள். அதன்பிறகு தொடை இறுகியது. என்னோடு வந்தவர்கள் எல்லாரும் முன்னால் போய்விட்டார்கள். மேளக்காரர்களும் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் காலி ரோட்டில் நான் தனியாகக் காலை இழுத்துக்கொண்டிருந்தேன். குறித்த நேரத்துக்குள் முடித்தால்தான் கணக்கில் சேர்ப்பார்கள். முடித்துவிடலாம் என்றுதான் இருந்தது.

ஒரு சந்திப்பில் பஸ் ஒன்றை நிறுத்திவைத்திருந்தார்கள். எங்கள் ஓட்டத்துக்காக. அதிலிருந்து இறங்கிய ஏழெட்டுப் பெண்கள், சாலையோரம் தடுப்புக்குக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப்பக்கம் நின்றார்கள். வீட்டுவேலைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரி ஆயா உடுப்பில் இரண்டு பேர். சாலையைக் கடந்தால் போதும், எதிரே அடுத்த பஸ். கொடி வைத்திருந்த மாரத்தான் தொண்டர் ஒருவர் விசிலை ஊதிக்கொண்டே அவர்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"பையா, ஜானே தோ, ட்யூட்டி ஹை" என்று, வேலைக்கு நேரமாகிறது, போகவிடு என்று கெஞ்சினாள் ஓர் ஆயா.

"ரன்னர் வருகிறார், தெரியவில்லையா? பின்னால் போ" என்று அவர் இந்தியில் அதட்டினார்.

அந்த ரன்னர் நான்தான். எனக்கு முன்னாலும் பின்னாலும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஓர் ஆள் கிடையாது. அத்தனை பேரையும் வெயிலில் நிறுத்தியிருந்தது எனக்காக. உடம்பெல்லாம் எரிந்தது. நேராகக் கயிற்றின் அருகே போய் நின்றேன்.

"மேடம், நிற்காதீர்கள், ஓடுங்கள்! டைம் போகிறது!" என்றார் தொண்டர்.

"ஓடமாட்டேன். இவர்கள் கடந்த பிறகுதான் ஓடுவேன். ரன்னர் நானே நிற்கிறேனே, இப்போது யாருக்கு இடைஞ்சல்?"

அவர் விதிமுறை சொன்னார். நான் கத்தினேன். எனக்குத் தெரிந்த இந்தி வசவெல்லாம் தீர்ந்து அம்மாவின் நெல்லைத் தமிழில் கத்தினேன். அவர் வாக்கிடாக்கியில் யாரையோ கூப்பிட்டார், அந்த யாரோ இன்னொருவரைக் கேட்கவேண்டும் என்றார். நான் ரோட்டு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் நிழலில் நின்றிருந்த ஒரு போலீஸ்காரர் வந்து, சலித்துக்கொண்டே கயிற்றைத் தூக்கினார். "அச்சா, அச்சா, ஜல்தி!" பெண்கள் கடந்து போனார்கள். யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை, நேரமில்லை அவர்களுக்கு.

எழுந்தபோது கால்கள் என்னுடையவையாக இல்லை. மிச்சத்தைப் பாதி நடந்து, பாதி நொண்டி முடித்தேன். நேரம் தாண்டியிருந்தது. முடிகிற இடத்தில் நின்ற ரப்பர் வளைவிலிருந்து காற்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நேரம் பதிகிற பாயைச் சுருட்டியிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் சுண்ணாம்புக்கோடு மட்டும் இருந்தது. அதைத் தாண்டினேன். அட்டைப்பெட்டியிலிருந்து ஒருவர் மெடலை எடுத்துக் கையில் தந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, சொல்ல வெட்கமில்லை. ஓ என்று அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கதவைத் திறந்து, என் காலைத்தான் முதலில் பார்த்தாள். வாளியில் வெந்நீரும் உப்பும் போட்டுவைத்திருந்தாள். காலை உள்ளே விட்டுக்கொண்டு நான் எல்லாவற்றையும் சொன்னேன். கைதட்டல், ஆரஞ்சு, தொடை இறுகியது எல்லாவற்றுக்கும் 'உம்' கொட்டினாள், அவ்வளவுதான். கயிற்றுக்கு வந்ததும் முக்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அவன் என்ன சொன்னான்? நீ என்ன சொன்ன? அந்தப் பிள்ளைகளுக்கு எதுத்தாப்ல பஸ் கெடச்சுதா?"

கிடைத்தது, பார்த்தேன் என்றேன். திரும்பவும் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். சொன்னேன். மெடலை நீட்டினேன். அதை வாங்கி என் கழுத்திலேயே மாட்டிவிட்டாள்.

"இந்த ஓட்டத்த உம் பேருலயே வச்சுக்கிடு. அந்தச் சண்ட இருக்குல்லா, அத எனக்காவப் போட்டன்னு வச்சுக்கிடுதேன்."