ஸுபைதாவின் ஐந்தாம் வகுப்புச் சிங்களம்

ஸுபைதா பிறந்தது யட்டவத்தைக்குப் பக்கத்தில் ஒரு சிறு கிராமம். அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லாததால் சிங்களப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புவரை படித்தாள். பதினெட்டு வயதில் உக்குவளை மர்சூக்குக்கு அவளைக் கட்டிவைத்தார்கள். அவர் மாத்தளையில் ஒரு அரசாங்கக் கந்தோரில் இங்கிலீஷில் கடிதங்களும் கோப்புகளும் எழுதும் லிகிதர். அவள் என்ன படித்தாள் என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

1956இல் சிங்களம் அரச மொழியானது. உத்தியோகத்தர்கள் சிங்களப் பரீட்சை எழுத வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தபோது மர்சூக் கவலைப்படவில்லை. சந்தையிலும் பஸ்ஸிலும் அவர் பேசுவது சிங்களம்தானே. ஆனால் முதல் தடவை தவறினார். இரண்டாம் தடவையும் தவறினார். சம்பள உயர்வு நின்றது. இன்னொரு முறை தவறினால் வேலையே இல்லை என்று 1963இல் கடிதம் வந்தது. அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்த நேரம், மேசை துடைக்க வந்த ஸுபைதா அவர் பரீட்சைக்காகக் கொப்பியில் எழுதிவைத்த சிங்களக் கட்டுரையைப் படித்துப் பார்த்தாள். அவர் வந்து சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னாள்:

"நீங்க பேசுறத அப்பிடியே எழுதியிரிக்கிறீங்க. 'நான் போறேன்' எண்டதுக்கு எழுத்தில 'மம யனவா' வராது. 'மம யமி' எண்டுதான் எழுதணும்."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் படிச்சதே சிங்களத்தில."

"பன்னெண்டு வருசமா ஒரு வார்த்த சொல்லல்லயே."

"நீங்க கேக்கல்ல."

மர்சூக்குக்கு வெட்கமாகவும் கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. இரண்டு நாள் கொப்பியை மறைத்து வைத்தார். மூன்றாம் நாள் குசினிக்கே கொண்டுவந்தார். மஃரிப் தொழுகைக்குப் பிறகு அவள் தேங்காய் திருவிக்கொண்டே வசனம் சொல்வாள், அவர் எழுதுவார். ஒருநாள் பென்சிலை எறிந்தார்.

"எங்கட பாஷையில வேல செய்ய உட்டா என்ன குத்தம்?"

"குத்தம் யாரில எண்டு பொறகு பாப்போம். இப்ப இந்த வசனத்தத் திருத்துங்க."

அடுத்த வருடம் பரீட்சை முடிவு வந்த அன்று மர்சூக் மத்தியானமே வீடு வந்தார். "பாஸ்" என்றார். ஸுபைதா கடிதத்தை வாங்கி, பெயரையும் இலக்கத்தையும் இரண்டு தரம் சரிபார்த்தாள். பிறகுதான் மூச்சு விட்டாள். அவள் தேத்தண்ணி ஊற்றி வருவதற்குள் அவர் கழற்றாத சேர்ட்டோடு வாங்குப் பலகையிலேயே உறங்கிப்போயிருந்தார். அவள் எழுப்பவில்லை.

சில வாரம் கழித்து மர்சூக் வேறொருவரின் கொப்பியைக் கொண்டுவந்தார். கந்தோரில் கூட வேலை செய்யும் நல்லையாவுடையது. அவரும் இரண்டு தடவை தவறியவர்.

"என்னட்ட இதத் திருத்தித் தரச் சொன்னாரு. என்னால ஏலாது, வீட்டில கேக்கிறேன் எண்டேன்."

ஸுபைதா கையைத் துடைத்துக்கொண்டு சிவப்புப் பென்சிலைத் தேடினாள்.