எனக்கென்று ஒரு தட்டு

ஓசூரில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை எங்கள் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை நடக்கும். கை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டு லைனுக்குத் திரும்பிவிடுவோம், அதோடு மறந்தும் விடுவோம். அந்த வருடம் மழைக்காலத்தில் நர்ஸ் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டாள்.

"வீட்ல யாருக்காச்சும் சுகர் இருக்காக்கா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லம்மா."

"உங்களுக்கு இருக்கு."

எனக்கு நாற்பத்து மூன்று வயது. ஒல்லியான உடம்பு. சர்க்கரை நோய் என்பது குண்டாக இருப்பவர்களுக்கும் உட்கார்ந்தே சம்பாதிப்பவர்களுக்கும் வருவது என்றுதான் நினைத்திருந்தேன். நான் ஒரு ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்பவள்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மாத்திரைய நான் குடுக்கறேன். என்ன சாப்பிடறதுன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும். பொதுவா நான் சொல்லலாம். ஆனா ஒருத்தர் உடம்பு மாதிரி இன்னொருத்தர் உடம்பு இருக்காது. ஒரு மீட்டர் வாங்கிக்கோங்க. சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுக் குத்திப் பாருங்க. உடம்பே சொல்லிரும்."

உடம்பு சொல்வதற்கு முன்னால் ஊர் சொல்ல ஆரம்பித்தது. கம்பெனி பஸ்ஸில் ஒருத்தி வெந்தயம் என்றாள், இன்னொருத்தி பாகற்காய் சாறு என்றாள், எதிர்வீட்டில் நாவல்கொட்டைப் பொடி கொடுத்தார்கள். எல்லோரும் ஒன்றுபட்டுச் சொன்ன ஒரே விஷயம் கேழ்வரகு. சோற்றை விடு, களிக்கு மாறு, சுகர் தானாக இறங்கிவிடும்.

என்னோடு பேக்கிங்கில் நிற்கும் உத்தனப்பள்ளிப் பெண் அடுத்த நாளே தன் நிலத்தில் விளைந்த கேழ்வரகை அரைத்து ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். என்னைவிட இளையவள், வீட்டில் தெலுங்கு, ஊரில் கன்னடம், என்னிடம் தமிழ். "எங்க ஊட்ல மூணு வேளையும் இதுதான்க்கா. பயப்படாத தின்னு" என்றாள்.

நானும் பயப்படாமல் தின்றேன். காலையில் ஒரு சொம்பு கூழ், ராத்திரி இரண்டு உருண்டை களி. வைத்தியம் பார்த்துக்கொள்கிறோம் என்ற நிம்மதியில் வயிறு நிறையவும் சாப்பிட்டேன். மீட்டர் வாங்கி வந்த அன்று, காலைக் கூழுக்கு இரண்டு மணி நேரம் கழித்து முதல்முறையாக விரலைக் குத்தினேன். வார விடுமுறை நாள். வீட்டில் யாரும் இல்லை. முந்நூறுக்குப் பக்கத்தில் காட்டியது. துடைத்துவிட்டு இன்னொரு விரலைக் குத்தினேன். ஏறக்குறைய அதே எண். அரைமணி நேரம் அடுப்படியில் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

மறுநாள் கேன்டீன் சாப்பாட்டுக்குப் பிறகும் குத்திப் பார்த்துவிட்டு, திரும்பும் பஸ்ஸில் அவளிடம் சொன்னேன்.

"ராகிக்கா அவ்ளோ காட்டுச்சு? மீட்டரு கெட்டுப் போயிருக்கும்க்கா."

"கேன்டீன் சோத்துக்கு இத விடக் கம்மியாத்தான் காட்டுச்சு."

அவள் மடியிலிருந்த சாப்பாட்டுப் பையைத் திறந்து உள்ளே பார்த்தாள். பிறகு மெதுவாக, "எங்கப்பாவுக்கும் சுகர்தான்க்கா. மூணு வேளையும் இந்த ராகி முத்தையத்தான் உருட்டிப் போடறன்" என்றாள். அந்த வாரமே அவளும் ஒரு மீட்டர் வாங்கிவிட்டாள்.

டாக்டரம்மாவிடம் திரும்பப் போனேன். கொஞ்சம் சண்டை போடும் எண்ணத்தோடுதான் போனேன். அவர் சிரித்தார்.

"களி நல்லதுதான். ஒரு உருண்டை எவ்ளோ பெருசு, காட்டுங்க."

இரண்டு கைகளையும் குவித்துக் காட்டினேன்.

"அது என் தலை சைசு இருக்கும்மா! அதுல கால்வாசி போதும். தட்டுல பாதி காயும் கீரையும் இருக்கட்டும். அப்புறம் பயறு, முட்டை, மீன். மிச்ச எடத்துலதான் களியோ சோறோ. கூழாக் கரைச்சுக் குடிக்காதீங்க, சட்டுனு ஏறிடும்."

அவரைக்காய்ப் பருவம் தொடங்கியிருந்தது. சந்தையில் காய் குவிந்து கிடந்தது. அவரைக்கொட்டையை உரித்துக் குழம்பு வைத்தேன். கொள்ளு வேகவைத்து அந்தத் தண்ணீரில் ரசம் வைத்தேன். கீரையைக் கடைந்து, எலுமிச்சை அளவு களியோடு தொட்டுத் தின்றேன். கேன்டீனில் சோறு போடும் அண்ணனிடம், "ஒரு கரண்டிதான், பொரியல் ரெண்டு கரண்டி" என்று தினமும் சொன்னேன். முதலில் சலித்துக்கொண்டவர், பிறகு நான் வரிசையில் வருவதைப் பார்த்ததும் பொரியல் கரண்டியைக் கையில் எடுக்க ஆரம்பித்தார்.

மதியம் எண் இறங்கியது. ராத்திரி மட்டும் இறங்கவே இல்லை. அதே அளவு களி, அதே காய். ஆனாலும் இருநூறுக்கு மேல்தான். என்னவென்றே புரியவில்லை.

காரணத்தை ஒரு ராத்திரி அடுப்படியில் நின்றபடிதான் கண்டுபிடித்தேன். எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். என் கணவர் தட்டில் கொஞ்சம் சோறு மிச்சம் வைத்திருந்தார், மகள் அதைவிட அதிகமாக வைத்திருந்தாள். பாத்திரம் கழுவப் போனவள், கையால் வழித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தேன். குக்கரின் அடியில் இருந்ததையும்தான். வாய் நிறையச் சோற்றோடு அப்படியே நின்றுவிட்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தினமும் இதைச் செய்கிறேன். கொட்ட மனசு வராது. அதைச் சாப்பாடு என்று நான் கணக்கில் எடுத்ததே இல்லை. அளந்து தின்ற களிக்குப் பிறகு, அளக்காமல் வீட்டின் மிச்சம் முழுவதையும் தின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் அரிசியைக் குறைத்துப் போட்டேன். காய் இரண்டு மடங்கு வைத்தேன். என் தட்டை முதலில் எடுத்து, காயும் கொள்ளும் முட்டையும் வைத்து, எட்டு மணிக்கே உட்கார்ந்துவிட்டேன். தன் பாத்திரக்கடையைச் சாத்திவிட்டு வந்த என் கணவர் வாசலிலேயே நின்றார்.

"என்ன, எங்களுக்கு முன்னாடியே சாப்புட ஒக்காந்துட்ட?"

"ஆமாங்க. வாங்க, உங்களுக்கும் போடறன்."

உட்கார்ந்து தட்டைப் பார்த்தார். "சோறு பத்தாதே."

"அவ்ளோதான் வெச்சன். களி இருக்கு, அவரைக்காய் இருக்கு."

"சுகரு உனக்கு. எங்களுக்கு எதுக்கு இந்தச் சாப்பாடு? உனக்குத் தனியாச் செஞ்சுக்க."

நான் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு சொன்னேன். "உங்களுக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப இந்த வீட்ல எண்ணெய்ச் சட்டியே ஏறல. நானும் பாப்பாவும் உப்பில்லாத பருப்பத்தான் தின்னம். நீங்க தனியாச் செஞ்சுக்கங்கன்னு நான் சொல்லல. ஷிப்ட் முடிச்சு வந்து ரெண்டு சமையல் என்னால ஆவாது. ஒரு சமையல்தான். அதுவும் இனிமே இப்படித்தான்."

மகள் அவள் அத்தாவை, என் கணவரை, பார்த்தாள். அவர் களியை எடுத்து வைத்துக்கொண்டார். கோபத்தில் குழம்பை நிறைய ஊற்றிக்கொண்டார். முகத்தை மட்டும் நிமிர்த்தவில்லை. நான் என் தட்டில் இருந்ததை மெதுவாக, கடைசி வாய் வரைக்கும் சாப்பிட்டு முடித்தேன். பாத்திரத்தில் மிச்சம் இருந்தது நாலு பருக்கை. அதைக் காலையில் குருவிக்குப் போட எடுத்து வைத்தேன். அன்று ராத்திரி மீட்டர் முதல்முறையாக நூற்றைம்பதுகளில் நின்றது.

இரண்டு மூன்று வாரம் வீட்டில் முணுமுணுப்பு இருந்தது. நான் அதைக் கேட்டும் கேட்காதது போல இருந்தேன். பிறகு ஒருநாள், "அந்தக் கொள்ளு ரசம் இல்லையா?" என்று அவரே கேட்டார். நான் திரும்பிப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்தேன்.

கோடையில் கிருஷ்ணகிரியில் என் நாத்தனார் மகளுக்கு நிக்காஹ். பிரியாணி வாசனை மண்டபத்துக்கு வெளியே ரோடு வரைக்கும் வந்தது. பெண்கள் பந்தியில் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த பெரியம்மா என் தட்டில் சோற்றைக் குவித்துவிட்டார். நான் பாதியைத் தள்ளி வைத்தேன்.

"ஒரு நாள் சாப்புட்டா ஒண்ணும் ஆவாது, தின்னும்மா."

"வாரத்துக்கு ஒருத்தர் வந்து இந்த ஒரு நாளச் சொல்றாங்க பெரிம்மா."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பெரியம்மா விடவில்லை, அல்வாவைக் கரண்டியில் எடுத்தபடி என் தாடையைப் பிடித்தார். அப்போது பந்தியின் முனையில் என் கணவரின் குரல் கேட்டது. ஆண்கள் பக்கம் பரிமாறிக்கொண்டிருந்தவர், வாளியோடு இந்தப் பக்கம் வந்திருந்தார்.

"அவளுக்கு இனிப்பு வெக்காதீங்க. தால்ச்சா இருக்கு, கறி இருக்கு, அத வைங்க."

என்று சொல்லிவிட்டு, வாளியிலிருந்த தால்ச்சாவை, பருப்போடு வெந்த கத்தரிக்காயும் கறியுமாக, அவரே இரண்டு கரண்டி ஊற்றிவிட்டுப் போனார். அத்தனை பேர் முன்னால் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குனிந்து சாப்பிட்டேன். கறி நன்றாக வெந்திருந்தது.

அந்த மாதப் பரிசோதனையில் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி நன்றாகக் குறைந்திருந்தது. நோயில்லாதவர்களின் அளவுக்கு வரவில்லை. "மாத்திரைய நிறுத்தலாமா?" என்று ஆசையோடு கேட்டேன். "இப்பவே வேணாம். இதே மாதிரி போங்க" என்றார் டாக்டரம்மா. ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் முதல் தடவை போல நொந்துபோகவில்லை. என் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது.

அது மாம்பழக் காலம். வரும் வழியில் ரோட்டோரத்தில் பழங்களைக் கூடை கூடையாக வைத்திருந்தார்கள். ஒரே ஒரு பழம் வாங்கினேன். மதியம் கீரையும் பயறும் சாப்பிட்ட பிறகு இரண்டு துண்டு தின்று, பிறகு விரலைக் குத்திப் பார்த்தேன். கொஞ்சம் கூடுதல்தான். அடுத்த நாள் ஒரு துண்டாக்கினேன். அதற்கு உடம்பு ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பருவம் முடியும் வரை அந்த ஒரு துண்டை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.