முன்கூட்டியே போட்ட குரவை

எங்களுடைய கசட்டை எந்தத் தட்டில் வைப்பதென்று கல்முனை ரெக்கோட்பார் முதலாளிக்கு விளங்கவில்லை. சினிமாப் பாட்டுக்கு ஒரு தட்டு, இஸ்லாமிய கீதங்களுக்கு ஒரு தட்டு, பைலாவுக்கு ஒன்று, இங்கிலீஷுக்கு ஒரு மூலை என்று மனிதர் ஒழுங்காகத்தான் வைத்திருந்தார். எங்களுடையதைப் போட்டு ஒரு நிமிடம் கேட்டார். பியானோ, அதன் மேல் றபான் மேளம், அதற்கும் மேல் ஒரு பெண் நாக்கை அடித்துப் போடுகிற குரவை. நிறுத்திவிட்டு, சிக்கியிருக்கிறதா என்று நாடாவை வெளியே இழுத்துப் பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு அதை வெற்றுக் கசட்டுகள் கிடந்த பெட்டிக்குள் வைத்தார். அங்கிருந்து வாங்கிப் போனவர்கள் அதன்மேல் தங்களுக்கு வேண்டியதைப் பதிந்துகொண்டார்கள். நாங்கள் செய்த பிரதிகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் மக்களைச் சென்றடைந்தன.

அந்தக் குரவை என்னுடையது.

அப்போது நான் பாதிரிமார் கட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில் அந்தப் பள்ளிக்கூடத்தின் கூரை போனது, யன்னல்கள் போயின, முற்றத்து வாகை மரமும் வேரோடு போனது. போகாமல் நின்றது மண்டபத்துப் பியானோ மட்டும். அதற்குள் இரண்டு நாள் மழைத்தண்ணீர் நின்றது. அதன்பின் மூன்று கட்டைகள் அழுத்தினால் எழும்பா. விரலைக் கொடுத்துக் கிளப்பிவிட வேண்டும். மற்றவை எழும்பின, ஆனால் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்குச் சத்தம் போட்டது. திருத்துகிறவர் கொழும்பிலிருந்து வருவார் வருவார் என்று ஒரு வருடம் காத்திருந்த சங்கீத டீச்சர், கடைசியில் பியானோ சரியாகத்தான் இருக்கிறது, உலகத்துச் சங்கீதம்தான் மாற வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

டீச்சர் கல்முனைத் தமிழ்ப் பக்கத்து வேதக்காரப் பெண்மணி. மெல்லிய உருவம், கனத்த பிடிவாதம். அவருக்கு எந்த இனத்திலும் சேராத ஒரு கசட் செய்ய வேண்டும். வியாழக்கிழமைகளில் றபான் தட்டி பைத்துப் பாட்டுப் படித்துக்கொண்டு தெருவில் வரும் பக்கீர் பாவாவை அவர் ஒருநாள் மண்டபத்துக்குள் கூப்பிட்டார். பாவா பியானோவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அவ்வளவு நீளமான, கறுத்த, மூடி போட்ட சாமானை அவர் அதற்கு முன் ஒரே இடத்தில்தான் கண்டிருந்தார்.

"இது உங்கட ஆக்கள்ர சந்தூக்கா டீச்சர்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

இறந்தவரின் மையித்துத் தூக்கும் பெட்டி இல்லை, வாசிக்கும் பெட்டி என்று டீச்சர் வாசித்துக் காட்டினார். பாவாவின் சந்தேகம் முற்றாகத் தீர்ந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் றபானை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டீச்சர் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று தாளம் எண்ணினால், அது நெல்லு மூட்டை எண்ணுகிற கணக்கு என்று தள்ளிவிடுவார். அவருடைய தாளம் அவர் தெருவில் நடக்கிற நடை. வேலி வந்தால் மெதுவாகும், நாய் வந்தால் விரையும். டீச்சர் பியானோவோடு அவர் பின்னாலேயே ஓடினார்.

குரலுக்கு ஆள் இல்லை. ஒரு கலியாண வீட்டில் நான் போட்ட குரவையை டீச்சர் கேட்டிருந்தார். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நாக்கை அடித்து நான் ஒரு குரவையைத் தொடங்கினால் சந்தியில் திரும்புகிற லொறி கண்ணுக்கு மறையுமட்டும் மூச்சு முறியாது. ஆனால் என் வாப்பா பள்ளிவாசல் மரைக்கார், நிர்வாகத்தில் முன்வரிசை ஆள். அவருடைய குமர்ப்பிள்ளை கசட்டில் பாடினாள் என்றால் ஊர் மூக்கில் விரலை வைக்கும். அதற்கு வழி கண்டுபிடித்தவள் நான்தான். குரவையில் சொல் இல்லை, ஆகவே அது பாட்டில்லை. எங்கள் தெருவில் பெண் போடுகிற சத்தங்களில் ஏழு வீட்டுக்குக் கேட்டும் யாருடைய வாய் என்று எவரும் விசாரிக்காத சத்தம் அது ஒன்றே. இந்த ஓட்டையைக் கண்டுபிடித்ததில் எனக்கிருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

ஒன்றை மட்டும் மறந்துபோனேன். யாருடைய வாய் என்று விசாரிக்கமாட்டார்கள், யாருடைய வீடு என்று விசாரிப்பார்கள்.

நாலாவது உருப்படிக்கு ஒரே மூச்சில் ஒரு நீண்ட குரவை வேண்டியிருந்தது. பாவா பதினொரு தட்டுத் தட்டி முடிக்குமட்டும் அது நிற்க வேண்டும். ஒரு சனிக்கிழமை காலை, வாப்பா அறுவடைக்கு வயல் வட்டைக்குப் போயிருந்தார். நான் பின்னறையில் தலையணையை வாயில் வைத்துப் பழகினேன். ஒன்பது தட்டுக்கு மேல் போகவில்லை. குற்றம் தலையணையில்தான் என்று தோன்றியது. எடுத்து எறிந்துவிட்டு மூச்சை இழுத்து ஒரு குரவை விட்டேன். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. சந்தோசத்தில் இன்னும் இரண்டு போட்டேன்.

ஒரு வீட்டில் குரவை கேட்டால் அடுத்த வீட்டிலிருந்து பதில் குரவை போடுவது எங்கள் தெருவின் மரியாதை. பக்கத்து வீட்டு மாமி போட்டார். அதைக் கேட்டு அதற்கடுத்த வீடு, பிறகு எதிர்வீடு, பிறகு கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை முழுவதும். குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்த உம்மாவுக்கு என் சத்தம் கேட்கவில்லை, மாமியின் சத்தம்தான் கேட்டது. மரியாதை தவறாத மனுசி, பின்கதவில் வந்து நின்று அவரும் மூன்று போட்டார். என் கலியாணம் பேசி முடிந்துவிட்ட செய்தியை என் சொந்த உம்மாவே ஊருக்கு உறுதிப்படுத்தினார்.

கால் மணித்தியாலத்தில் வாசல் கடப்படி நிறையப் பெண்கள். முன்னால் மாமி.

"மாப்புள ஆருகா?" என்று கேட்டார்.

உம்மா என்னைப் பார்த்தார். எனக்கு நாக்கு உலர்ந்துபோனது. பதின்மூன்று தட்டுக்கு நின்ற நாக்குத்தான்.

"பழகிப் பாத்தன் மாமி" என்றேன்.

"ஆரோட?"

கணிதம் படிப்பிக்கிறவள், கேட்ட கேள்விக்குச் சரியான விடை சொல்லிப் பழகிவிட்டது. டீச்சரோடும் பக்கீர் பாவாவோடும் என்று சொன்னேன். கூட்டத்தில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் குரவை பழகியதைச் சொன்னேன் என்பதை உம்மா விளங்கிக்கொள்ளவே அன்று அசர்த் தொழுகை நேரம் ஆகிவிட்டது. மற்றவர்கள் விளங்கிக்கொள்ள விரும்பவில்லை. தங்களைக் கொண்டு பொய்க்குரவை போடுவித்துவிட்டோம் என்று மாமிக்குக் கோபம். அது நியாயமான கோபம்தான் என்று இப்போது படுகிறது.

எனக்கு அப்போது சம்மாந்துறையில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள், நெல் ஆலை வைத்திருக்கிற குடும்பம். சம்மாந்துறைக்கு அந்தக் காலத்தில் போனைவிட டிரக்டர்தான் வேகம். வேறு இடத்தில் முடிந்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம், மெத்த சந்தோசம் என்று மறுநாளே ஆள் அனுப்பிவிட்டார்கள். மாப்பிள்ளை போனதில் எனக்கு ஒரு சொட்டுக் கவலை இல்லை. படத்தில் அவர் டிரக்டரின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்ற விதம் எனக்குத் தொடக்கத்திலேயே பிடிக்கவில்லை.

ஆனால் வாப்பா எனக்கென்று வீடு கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். சுவர் யன்னல் மட்டத்துக்கு வந்திருந்தது. வாப்பா மேசன்மாரை நிறுத்தினார். என்னோடு கதைப்பதையும் நிறுத்தினார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஏசவில்லை. நான் முன்னால் நிற்கும்போதே உம்மாவிடம், "அவளிட்டச் சொல்லு, கதவச் சாத்தட்டாம்" என்பார். முன்பு வீட்டுக்குள் காலடி வைக்கும்போதே 'மகள்' என்று கூப்பிடுகிறவர். அந்த ஒரு சொல்லுக்காக நான் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்த பின்னேரங்கள் எத்தனையோ.

அடுத்த சனி, கொப்பி எடுத்து வருவதாக உம்மாவிடம் சொல்லிவிட்டு மண்டபத்துக்குப் போனேன். பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீட்டில் சவூதியிலிருந்து வந்திறங்கிய ஒரு ரேடியோ கசட் ரெக்கோடரை இரவல் வாங்கி டீச்சர் பியானோ மேல் வைத்திருந்தார். நாலாவது உருப்படியை ஒரே தரத்தில் பதிந்தோம். நான் வாப்பாவை நினைத்துக்கொண்டுதான் போட்டேன். பாவா பதினொன்றோடு நிறுத்த மறந்து தட்டிக்கொண்டே இருந்தார். நானும் நிறுத்தவில்லை. முடிந்ததும் டீச்சர், இதில் கலியாணமும் இருக்கிறது, மையித்தும் இருக்கிறது என்றார். பாவா பியானோவை மறுபடியும் ஒரு பார்வை பார்த்தார்.

கசட் தயாரானதும் ஒரு பிரதியை வாப்பாவின் தொப்பிக்குப் பக்கத்தில் வைத்தேன். எழுத்து எதுவும் எழுதவில்லை. பின்னேரம் பார்த்தபோது தொப்பி இருந்தது, கசட் இல்லை. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. கடலில் எறிந்திருப்பார் என்று முடிவுகட்டினேன். கடலுக்கும் அது எந்தத் தட்டு என்று விளங்கியிருக்காது.

இரண்டு வருடத்துக்குப் பிறகு நிந்தவூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. இவர் படத்தில் இரண்டு காலையும் தரையில் வைத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சம்மதம். சுவர் மேலே ஏறியது, ஓடு போட்டாகிவிட்டது. வாப்பா எல்லாவற்றையும் நின்று செய்தார், உம்மா வழியாக.

கலியாணம் அசருக்குப் பிறகு. தென்னையில் லவுட்ஸ்பீக்கர் கட்டியிருந்தது. தெருப்பெண்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள்; வராமல் விடுகிற பழக்கம் எங்கள் ஆட்களுக்கு இல்லை. வந்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை கடப்படிக்கு வந்துவிட்டார். குரவை இல்லை. உம்மா மாமியின் கையைப் பிடித்துக் கெஞ்சினார்.

"இவட கலியாணத்துக்குள்ள குரவைய நாங்க அண்டைக்கே போட்டுட்டம்" என்றார் மாமி. "ஒரு கலியாணத்துக்கு ரெண்டு தரமா போடுற?"

உம்மா தனியாக ஒன்று தொடங்கினார், அழுகை வந்து பாதியில் நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வளவிலேயே திறமாகக் குரவை போடத் தெரிந்தவள் அறைக்குள் முக்காட்டோடு இருந்தேன். மணப்பெண் தன் கலியாணத்துக்குத் தானே குரவை போட முடியாது.

அப்போது லவுட்ஸ்பீக்கர் கொறகொறத்தது. பாவாவின் றபான் ஒரு தட்டுத் தட்டியது. நனைந்த பியானோ தன் இஷ்டத்துக்கு ஒரு சத்தம் போட்டது. அதன் மேல் என் குரவை எழுந்தது, நாலாவது உருப்படி, தென்னை மரத்திலிருந்து. யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தேன். லவுட்ஸ்பீக்கர் பெட்டிக்காரன் பக்கத்தில் வாப்பா நின்றுகொண்டிருந்தார்.

மாமி பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் குரவை கேட்டால் பதில் குரவை போட்டுப் பழகிய வாய், அவருடைய கோபத்தைக் கேட்டா நடக்கும்? ஏழாவது தட்டில் அவர் போட்டுவிட்டார். அவர் போட்டதும் வளவு முழுவதும் போட்டது. மாப்பிள்ளை கால் கழுவி உள்ளே வந்தார்.

சனம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் வாப்பா அறைக்குள் வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மூச்சு எங்கயும் முறியல்ல மகள். அந்த வாசிக்கிற பொட்டிர சத்தம்தான் கொஞ்சம் கூட."

எழுத்தில்லாத கசட்டில் நாலாவது உருப்படியின் தொடக்கத்தை ஒரு சுற்றுப் பிசகாமல் நிறுத்தி வைப்பதற்கு வாப்பா அதை எத்தனை தரம் கேட்டிருக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்தேன். என் கணிதம் அங்கே நின்றுவிட்டது, அழத் தொடங்கிவிட்டேன். பக்கத்திலிருந்த பெண்கள் ஏன் அழுகிறாள் என்று கேட்டார்கள். வீட்டைப் பிரிந்து போகிறேன் என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. எங்கள் ஊரில் வீடு மாறி வருகிறவர் மாப்பிள்ளை.