மாடிக்கு வராத தண்ணீர்

இடது கை, முந்தானையின் நுனியில் தொங்கிய பட்டு இழைகளில் ஒரு கொத்தைப் பிரித்தது. வலது கை அதை இரண்டாக்கித் தனித்தனியே முறுக்கி, பிறகு இரண்டையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கி, அடியில் முடிச்சிட்டது. ஒரு குஞ்சம் ஆயிற்று. அடுத்ததைப் பிடிக்குமுன் விரல் வழக்கம்போல் நாக்குக்குப் போனது. கொஞ்சம் எச்சில் தொட்டால்தான் பட்டு விரலுக்குள் நிற்கும். நாக்கு காய்ந்து கிடந்தது. இழை வழுக்கி, முறுக்கு பிரிந்துகொண்டது.

மலர்கொடி இடுப்பின் இடப்பக்கத்தை முழங்கையால் அழுத்திக்கொண்டு மறுபடியும் இழையைப் பிடித்தாள்.

கும்பகோணத்தில் இராஜாங்கத்தின் பட்டுப்புடவைக் கடை மாடிக்கு அவள் குஞ்சம் கட்ட வந்தபோது மகள் தர்ஷினி கைக்குழந்தை. யாரும் உட்கார்த்திவைத்துச் சொல்லித்தரவில்லை. பழைய குஞ்சங்களை அவிழ்த்து அவிழ்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். இப்போது தர்ஷினி கல்லூரிக்குப் போகிறாள். கல்யாணப் புடவை என்றால் மலர்கொடியிடம்தான் வரும்.

மாடிக்குத் தண்ணீர் வரக்கூடாது. எப்போதோ யாரோ கவிழ்த்த ஒரு சொம்புத் தண்ணீரில் ஒரு புடவையின் அரக்குக் கரைச் சாயம் அதன் சந்தன நிற உடலில் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து பாட்டில்கள் மாடிப்படியின் அடியில்தான் நிற்கும். இறங்கிப்போய்க் குடிக்கலாம், தடையில்லை. குடித்த பின்தான் சங்கடம். கழிப்பறை கடையின் பின்கட்டில். அதன் சாவி கல்லாவில். ஜமுக்காளத்தில் உட்கார்ந்து புடவை பார்க்கும் ஜனங்களைத் தாண்டிப் போய்க் கேட்க வேண்டும். இராஜாங்கம் கெட்டவரில்லை, தொண்டைதான் பெரிது. "யாருக்கு? மலருக்கா? இப்பத்தானேம்மா போன?" என்பார். மொத்தக் கடையும் திரும்பும்.

அதனால் மாடிப் பெண்கள் எல்லோரும் காலையில் வீட்டிலேயே முடித்துக்கொண்டு வந்து, சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான் குடிப்பார்கள். கடையில் வாங்கித்தரும் காபிகூடப் பாதி டம்ளர்தான். இதைச் சாமர்த்தியம் என்றே நினைத்திருந்தார்கள். புதிதாக வருபவளுக்கு முடிச்சுக்கு முன்னால் சொல்லித்தருவதும் இதைத்தான்.

பங்குனியில் மலர்கொடி வலி தாங்காமல் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். சிறுநீரகத்தில் கல், கூடவே கிருமி, காய்ச்சல். டாக்டர் சின்ன வயதுப் பெண்.

"தண்ணி நிறைய குடிக்கணும்மா. வந்தா அடக்கவும் கூடாது."

"ரெண்டுல ஒண்ணுதான் டாக்டர் நம்மளால முடியும்."

டாக்டர் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை இப்படியே வந்தீங்கன்னா கிட்னி கெட்டுப்போயிடும்."

கொஞ்ச நாள் குடித்தாள். பிறகு முகூர்த்த மாதம் வந்தது. கடையில் கூட்டம், கீழே முகங்கள். பழையபடி விட்டுவிட்டாள்.

இன்று அதே இடத்தில் அதே வலி. நீடாமங்கலத்திலிருந்து பெண் வீட்டார் வந்து இந்தப் புடவைக்காகக் கீழே காத்திருந்தார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து குஞ்சம் கட்டும் சஃபியா ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுந்து போனவள், துப்பட்டாவுக்குள் ஒரு பாட்டிலை மறைத்துக்கொண்டு வந்தாள்.

"குடிங்கக்கா."

"புடவை மடியில இருக்குடி!"

"தூக்கி என் மடியில போடுங்க. அந்தப் பக்கம் திரும்பிக் குடிங்க."

"அப்புறம் போவணுமே."

"ஆஸ்பத்திரிக்குப் போறதுன்னா மொதலாளிகிட்ட சாவி கேக்க வேணாம்னு பாக்குறீங்களா?"

வலியிலும் மலர்கொடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவர்ப்பக்கம் திரும்பி, பாட்டில் காலியாகும்வரை குடித்தாள்.

நாக்கு ஊறியது. விரல் நனைந்தது. பட்டு சொன்னபடி கேட்டது. ஆனால் முந்தானையின் கடைசி முழத்துக்கு வருவதற்குள் அடிவயிறு கனத்து எரிய ஆரம்பித்தது. காலை மாற்றிப் போட்டாள். மாற்றிப் போட்ட காலை இறுக்கிக்கொண்டாள். இறங்க வேண்டிய படி, படி முடியும் இடத்தில் ஜமுக்காளம், அது நிறைய முகங்கள், எல்லாம் கண்ணுக்குள்ளேயே நின்றன. புடவையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் மேலே வந்துவிடலாம். சாயங்காலம்வரை தாங்காதா? எத்தனை வருஷம் தாங்கியிருக்கிறது!

கடைசி முடிச்சைப் போட்டு, நுனிகளைச் சமமாக வெட்டி, புடவையை மடித்துக்கொண்டு இறங்கினாள்.

"வந்தாச்சு பாருங்க, நம்ம மலர் கைவேலை!" இராஜாங்கம் கையை நீட்டினார். கல்யாணப் பெண்ணின் அம்மா எட்டிப் பார்த்தார். மலர்கொடி புடவையை நெஞ்சோடு பிடித்தபடி நின்றாள்.

"குடும்மா."

"சாவி வேணும் மொதலாளி."

"எந்தச் சாவி?"

"பாத்ரூம் சாவி." குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. கடை திரும்பியது. முகம் தீயாய் எரிந்தது. "தண்ணி குடிக்கச் சொல்லியிருக்காங்க. இனிமே தெனம் கேப்பேன்."

இராஜாங்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பெண்ணின் அம்மா முந்திக்கொண்டார். "சீக்கிரம் எடுத்துக் குடுங்க சார். யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியாம நானும் வந்ததுலேர்ந்து உக்காந்திருக்கேன்."

இராஜாங்கம் கல்லாவைத் திறந்தார். சாவி மலர்கொடியின் உள்ளங்கையில் விழுந்தது. நாளைக்கும் இதே முகங்களைத் தாண்டித்தான் வர வேண்டும். சாவியை விரலுக்கிடையில் இறுக்கிக்கொண்டு, குஞ்சம் கசங்காமல் புடவையை இரண்டு கையாலும் அந்த அம்மாளிடம் கொடுத்தாள்.