ஐந்துக்கு ஐந்து போட்டவன்

உலகம் முழுக்க ரசிகர்களைக் கொண்ட ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் அழகைக் கெடுத்தவன் நான்தான் என்று ஏழு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள். ஆவடி மார்க்கெட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் நான். கடல் தாண்டி எங்கோ வடிவமைக்கப்படும் காரை இவன் எப்படிக் கெடுப்பான் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டிருக்கலாம்... கேட்கவில்லை! பயம் வந்துவிட்டால் மனிதனுக்குத் தன்னைப் பற்றி எவ்வளவு பெரிய அபிப்பிராயம் உண்டாகிவிடுகிறது!

ஆனால் நான் ஒப்புக்கொள்ள வந்தது அந்த முட்டாள்தனத்தை மட்டுமல்ல. அதற்குப் பின்னால் ஒரு பொய் இருக்கிறது. என் நண்பன் தாமுவிடம் சொன்ன பொய். ஒரே ஒரு சொல். அதை நம்பி அவன் தன் காரை விற்றுவிட்டான். இன்றுவரை அது பொய் என்று அவனுக்குத் தெரியாது.

தாமு மேனாம்பேட்டுக்காரன். இருபது வயதில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஓட்டினான். ஒருநாள் மெஷின் ஒரு நொடி முந்திக்கொண்டது. இடது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு நின்றுவிட்டன. மிச்சமிருந்த நுனிகள் தோல் தடித்துக் கல்லாகிப் போயின. பிறகு அவனே சொந்தமாக ஒரு பிரஸ் ஷாப் வைத்தான், முன்னுக்கு வந்தான். நாற்பத்தைந்து வயதில், ஏற்கெனவே நான்கு பேர் ஓட்டித் தள்ளிய அந்த ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினான். இரண்டே கதவு. மஞ்சள் நிறம். தரையோடு தரையாகப் படுத்துக்கிடக்கும்.

ஏன் அந்தக் கார்? உள்ளே பார்த்தால் புரியும். வட்ட வட்டமாக மீட்டர்கள். ஏசிக்கும் பாட்டுக்கும் தடிதடியான திருகு குமிழ்கள், ஓரத்தில் பல் வெட்டியவை. நாங்கள் நாபு என்போம். தாமு ரோட்டிலிருந்து கண்ணெடுக்காமல், கட்டை விரலாலும் உள்ளங்கையாலும் அதைப் பிடித்துத் திருகுவான். ‘டக் டக்’ என்று விழும்.

"இந்த வண்டிய செஞ்சவன் என் கையப் பாத்துட்டுதான் செஞ்சிருக்கான் மச்சான்" என்பான்.

அதைச் சொல்லும்போது அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! கடையில் காசு கொடுக்கும்போதுகூட இடது கையைச் சட்டைப் பையில் மறைப்பவன், காருக்குள் மட்டும் மறைக்க மாட்டான்.

ஞாயிறு காலைகளில் நாங்கள் மூவர் குத்தம்பாக்கம் பக்கம் போய் டீ குடிப்போம். தாமு, நான், பட்டாபிராமில் புது அடுக்ககத்தில் குடியிருக்கும் சுடலைமுத்து. சுடலை நெல்லைக்காரன், ஐடி வேலை. மூவருக்கும் கார் பைத்தியம். கார் இருந்தது தாமுவுக்கு. எனக்கு இருந்தது வாய்.

இப்போது குற்றத்துக்கு வருகிறேன்.

ஒரு கண்காட்சியில் ஏதோ காகிதத்தில் என் எண்ணை எழுதிக் கொடுத்திருந்தேன் போலும். ஓர் ஆய்வு நிறுவனத்திலிருந்து அழைத்தார்கள். இன்னும் வெளிவராத காரைக் காட்டுவார்களாம், கருத்துச் சொல்ல வேண்டுமாம், மதியச் சாப்பாடு உண்டாம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு பெரிய மண்டபம். வாசலிலேயே என் போன் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். வெளியே மூச்சுவிட மாட்டேன் என்று கையெழுத்து வாங்கினார்கள். காரின் பெயர்ப்பலகை மேல் கறுப்பு டேப். ஆனாலும் பின்பக்கத் தோள் வளைவைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது... தாமுவின் கார்! அதன் அடுத்த அவதாரம்!

முகம்தான் விபரீதமாக இருந்தது. கண்களை இடுக்கி, வாயைப் பிளந்து, தும்மல் வராமல் தவிப்பவனைப் போல. சரி, பழகிவிடும் என்று உள்ளே உட்கார்ந்தேன். இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை ஒரே கறுப்புக் கண்ணாடி. திரை. நாபு ஒன்றுகூட இல்லை.

பக்கத்து இருக்கையில் டேப்லெட்டோடு ஓர் இளம்பெண். இருபத்தைந்து வயது இருக்கும். "சார், திரையில இருக்கிற எழுத்தெல்லாம் தெளிவா படிக்க முடியுதா? ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் மார்க் சொல்லுங்க" என்றாள்.

எனக்கு வெள்ளெழுத்து. கண்ணாடி இல்லாமல் பக்கத்தில் இருக்கும் எதுவும் எனக்குக் கொசுக்கூட்டம். படிக்கும் கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது. ஊருக்கே கண்ணாடி மாட்டிவிடுகிறவன் நான்... ‘இதில் என்ன சார் வெட்கம், வயசானா எல்லாருக்கும் வருவதுதானே’ என்று தினம் பத்துப் பேருக்குத் தைரியம் சொல்கிறவன்! அந்தப் பெண் முன்னால், அந்த ஸ்போர்ட்ஸ் காருக்குள் உட்கார்ந்துகொண்டு, அதை எடுத்து மாட்ட எனக்கு மனம் வரவில்லை.

"அஞ்சு" என்றேன்.

"பட்டன், நாப் எல்லாத்தையும் எடுத்துட்டாங்க சார். உங்க வயசுக்காரங்களுக்கு அது கஷ்டமா இருக்குமா?"

உங்க வயசுக்காரங்க!

"சேச்சே! அதெல்லாம் பழைய காலத்து சமாச்சாரம்மா. அதுக்கும் அஞ்சு போடுங்க" என்றேன்.

தாமுவின் கை அப்போது நினைவுக்கு வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. அதுதான் கொடுமை. வந்தது, ஒரு நொடி நின்றது, நான் வேறு பக்கம் பார்த்தேன். பிறகு பிரியாணி சாப்பிடப் போனேன்.

அடுத்த ஞாயிறு. கையில் ஒரு ரகசியம். எவ்வளவு நேரம் தாங்குவேன்? டீக்கடையில் மெதுவாக அவிழ்த்தேன்.

"தாமு, கையெழுத்துப் போட்டிருக்கேன், சொல்லக் கூடாது. ஆனா உன் வண்டியோட புதுசு வருது. கண்ணால பாத்தேன். பழச இப்பவே தள்ளிவுட்டுட்டு அதுக்கு ரெடியா இரு."

"இன்னா மச்சான் சொல்ற! மெய்யாலுமா?" அவன் டீயைக் கீழே வைத்துவிட்டான். அழகாக இருக்கிறதா, வேகமாகப் போகுமா என்றெல்லாம் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "நாபு கீதா?"

சுடலையும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் பேச, அவர்கள் இருவரும் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ‘இல்லை’ என்று சொன்னால் அந்தப் பெருமை அங்கேயே செத்துப்போகும்.

"கீதுடா" என்றேன்.

அவ்வளவுதான். மூன்று எழுத்து. ஒரு மாதத்தில் தாமு காரைக் கோழிக்கோட்டுக்காரர் ஒருவருக்கு விற்றான். அவர் வந்து எடுத்துப்போன அன்று தாமு என்னைக் கட்டிப்பிடித்து, "நீ சொன்னதாலதான் கண்ண மூடிக்கினு குட்த்தேன்" என்றான். நானும் அவன் முதுகைத் தட்டினேன். என்ன நெஞ்சழுத்தம் எனக்கு!

புதுக் காரை உலகத்துக்குக் காட்டிய அன்று, தாமுவின் பிரஸ் ஷாப் ஆபீஸ் கம்ப்யூட்டரில் மூவரும் உட்கார்ந்து பார்த்தோம். போர்வை விலகியது.

"என்னல இது? மூஞ்சியா இது? ஜலதோசம் பிடிச்ச கெளுத்தி மீனு மாதிரில்லா இருக்கு!" என்றான் சுடலை.

கேமரா உள்ளே போனது. கதவிலிருந்து கதவு வரை கறுப்புத் திரை. நாபு எங்கே என்று தாமு முன்னால் குனிந்து தேடினான்.

"காரக் கேட்டா டிவி கடையத் தூக்கி உள்ள வச்சிருக்கானுவோ. எந்த மூதேவி கேட்டான் இத?" சுடலை விடவில்லை. "யாராவது ஒருத்தன் நல்லாருக்குன்னு சொல்லாம இப்படிச் செய்வானா?"

என் காது மடல் சுட்டது. அப்போதுதான் அந்தப் பைத்தியக்கார நம்பிக்கை எனக்குள் புகுந்தது. சொன்னவன் நான்! ஐந்துக்கு ஐந்து போட்டவன் நான்!

அதன் பிறகு நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். எங்கோ ஒரு தேசத்தில், நரைத்த தலை வடிவமைப்பாளர் ஒருவர் கையில் என் படிவத்தோடு கண்ணீர் விடுவதாகக் கற்பனை செய்தேன். ‘ஆவடிக்காரர் சொல்லிவிட்டார்... பிடுங்குங்கள் குமிழ்களை!’ என்று அவர் ஆணையிடுகிறார். இணையத்தில் உலகெங்கும் ரசிகர்கள் கொட்டித் தீர்த்த வசவுகளை இயந்திர மொழிபெயர்ப்பில் ஒன்றுவிடாமல் படித்தேன். ‘இதை அங்கீகரித்தவன் குருடனாக இருக்க வேண்டும்’ என்று ஒருவன் எழுதியிருந்தான். ஐயா, மிகச் சரி! அப்புறம் நானே பொய்ப் பெயரில் கணக்குத் தொடங்கி, எல்லாரையும்விடக் கேவலமாக அந்தத் திரையைத் திட்டினேன். நிறையப் பேர் பாராட்டினார்கள். கடைக்கு யாராவது கோட் போட்டு வந்தால், கார் கம்பெனி வக்கீலோ என்று கவுன்டருக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். ஒருவர் வந்தார், பாவம், மாப்பிள்ளை, கல்யாணத்துக்குக் கூலிங்கிளாஸ் வாங்க வந்தவர்.

இந்தக் கூத்தில் எனக்கொரு சௌகரியமும் இருந்தது. உலகக் குற்றவாளியாக நடுங்கிக்கொண்டிருந்தால், தாமுவிடம் சொன்ன பொய்யைப் பற்றி நினைக்க நேரமே இருக்காது.

ஷோரூமுக்குக் கார் வந்ததும் தாமு என்னையும் அழைத்துப் போனான். ‘நேர்ல வேற மாரி இருக்கும்’ என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். உள்ளே உட்கார்ந்து, இடது கையை நீட்டித் திரையைத் தொட்டான். ஒன்றும் நடக்கவில்லை. அழுத்தினான். உள்ளங்கை பட்டுப் பாட்டு மாறியது, ஏசி மாறவில்லை. காய்த்துப்போன அந்த நுனிகளை அந்தக் கண்ணாடி விரல் என்றே ஏற்றுக்கொள்ளவில்லை.

"சார், தொடவே வேணாம். வாயால சொன்னாப் போதும்" என்றான் விற்பனைப் பையன்.

தாமு தொண்டையைச் செருமினான். "ஏசிய கொஞ்சம் கம்மி பண்ணு நைனா" என்றான் திரையைப் பார்த்து, ரொம்ப மரியாதையாக. அது எங்கோ ஓர் ஊருக்கு வழி காட்டத் தொடங்கியது.

அந்தப் பையன் சிரித்துவிட்டான். தாமுவும் சிரித்தான். சிரித்துக்கொண்டே இடது கையை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்... காருக்குள்!

வெளியே வந்ததும் அவன் என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

"உனுக்கு அன்னிக்கு வேற மாடலக் காட்டி ஏமாத்திட்டானுங்கடா மச்சான்" என்றான். "நீ இன்னா பண்ணுவ? வுடு. மனசுல வச்சிக்காத."

அவன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான். நானோ, "ஆமாடா... அப்படித்தான் இருக்கும்" என்றேன். இரண்டாவது பொய். முதல் பொய்யாவது வாய் தவறி வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இதை என்னவென்று சொல்வது?

கோழிக்கோட்டுக்காரரைத் தேடிப் போன் செய்தோம். அந்த வண்டி கைமாறி எங்கோ போய்விட்டது. தாமு இப்போது ஷாப் வேனில் போய் வருகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில், உடம்பு அசதியாக இருக்கிறது என்கிறான்.

போன மாதம் அந்த டேப்லெட் பெண் என் கடைக்கே வந்தாள், கண் சோதிக்க. அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அவள் மூக்கில் சோதனை ஃபிரேமை மாட்டிவிட்டு, ஏழு மாதப் பாரத்தையும் ஒரே மூச்சில் இறக்கிவைத்தேன். அன்று நாங்கள் போட்ட மார்க்கினால்தானே அந்தக் காரை அப்படிச் செய்தார்கள்?

"ஐயோ, இல்ல சார்!" அவள் சிரித்ததில் ஃபிரேம் நழுவியது. "உங்ககிட்ட காட்டுறதுக்கு ரொம்ப முன்னாடியே எல்லாம் முடிவாயிடுச்சு. பாகங்கள் செய்யுற அச்சுகூட வெட்டியாச்சு. விளம்பரத்துல எந்த வார்த்தை போடலாம்னு பாக்கத்தான் உங்களையெல்லாம் கூப்பிட்டது. நீங்க சைபர் போட்டிருந்தாலும் அதே வண்டிதான்."

அன்று மாலை கடையைப் பூட்டும்போது எனக்கு விடுதலை வந்திருக்க வேண்டும். நான் யாரையும் கெடுக்கவில்லை! என் ஐந்தை ஒருவரும் பொருட்படுத்தவில்லை! சிரித்தேன்கூட... ரயில்வே கேட் வரை சிரித்துக்கொண்டே நடந்தேன். அங்கே நின்றுவிட்டேன்.

அந்தக் காரை யாரும் என்னைக் கேட்டு மாற்றவில்லை. தாமு என்னைக் கேட்டுத்தான் விற்றான்.