பிழியக் கூடாத ஸ்பாஞ்சு

அவள் கைகள் இரண்டும் மண்ணெண்ணெய்க்குள் இருந்தன. பழைய பேசினில் பைக்கின் ஏர் ஃபில்டரை முக்கி அமுக்கினாள், விட்டாள், மறுபடி அமுக்கினாள். ஓரங்களை ஒட்டிக் கூம்பு மாதிரி செய்த ஸ்பாஞ்சு அது. ஒவ்வொரு அமுக்கலுக்கும் சேற்றுக் குழம்பாக வந்தது. வண்டி சீட் கழற்றிய நிலையில் வாசலில் நின்றது. இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயில் தூசி விழாமல் இருக்க அதன் வாயில் சுத்தமான துணியைத் திணித்திருந்தாள்.

"பெரியம்மா, மணி என்ன?"

"இப்பத்தானே கேட்ட. அதுக்குள்ள முள்ளு ஓடிடுமா?" என்றேன் நான்.

தெருவில் அவளுக்குப் பட்டப்பெயர் அவசரம். தையல் வகுப்புக்குப் போனாள், ஸ்டூலில் உட்கார முடியவில்லை என்று விட்டுவிட்டாள். துணிக்கடையில் சேர்ந்தாள், வந்தவர்கள் பார்த்து முடிப்பதற்குள் துணியை மடித்து அடுக்குகிறாள் என்று அனுப்பிவிட்டார்கள். கடைசியில் கல்குவாரிதான் அவளுக்குத் தோதாக அமைந்தது. காலையில் பாறைக்கு வெடி வைப்பதற்கு முன்னால், குவாரியின் விளிம்பை ஒட்டிய கரடுமுரடான பாதையில் பைக்கில் ஒரு சுற்று வரவேண்டும். ஆடு மேய்ப்பவர்களையும் விறகு பொறுக்குபவர்களையும் விசில் அடித்து விரட்டவேண்டும். யாரும் இல்லை என்று அவள் சொன்ன பிறகுதான் வெடிப்பார்கள். இந்த மாதத்தில் இரண்டு தடவை வண்டி பாதி வழியில் மூச்சு முட்டி நின்றது, வெடிப்பதும் தாமதமானது. மேஸ்திரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை லேட்டானா வேற ஆளைப் போட்டுடுவேன்." அவள் நிலைத்து நின்ற ஒரே வேலை அது.

அந்த வீட்டுக்கு நான் பகலில் போவது அவளுடைய மாமியாரைப் பார்த்துக்கொள்ள. பக்கவாதத்தில் அவருக்கு இடது கை விழுந்துவிட்டது. மகன் லாரி ஓட்டுகிறான், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை.

ஸ்பாஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசி, பின்கட்டுக் கொடியில் நிழலாகப் பார்த்துத் தொங்கவிட்டாள். "அத்தை, இதை யாரும் தொடவேணாம். தொட்டாலும் பிழியக் கூடாது, ஒட்டின இடம் விட்டுடும். அமுக்க மட்டும்தான் செய்யலாம்."

"என் கையையே அடுத்தவங்க தூக்கி வைக்கணும். நான் எங்கடி உன் ஸ்பாஞ்சைத் தொடப்போறேன்?"

அவசரம் ஃபில்டர் ஆயில் வாங்கக் கடைக்குப் போனாள். காய்ந்த ஸ்பாஞ்சில் அந்த எண்ணெயை ஊறவைத்தால்தான் தூசி அதில் ஒட்டும், உள்ளே போகாது. நான் படுக்கை விரிப்பை மாற்ற உள்ளே போனேன்.

அந்த வாரம்தான் மாமியாருக்குக் கைப் பயிற்சியை மாற்றியிருந்தேன். அதுவரை ரப்பர் பந்தை அமுக்குவார். இப்போது ஈரத் துண்டை இரண்டு கையாலும் முறுக்கவேண்டும். காலையிலிருந்து, "பிழிங்க, இன்னும் நல்லா முறுக்குங்க" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

திரும்பி வந்தபோது கொடிக்கு அடியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஸ்பாஞ்சு இரண்டு துண்டாகக் கிடந்தது.

"கால் மேலயே சொட்டிக்கிட்டு இருந்துச்சு. நீதானே பிழியச் சொன்ன?"

"துண்டைச் சொன்னேன்."

"இதுவும் ஈரமாத்தானே இருந்துச்சு?"

"எந்தக் கையால முறுக்கினீங்க?"

"ரெண்டாலயும்தான்."

என் இரண்டு விரலை அவருடைய இடது கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார். வலித்தது. நல்ல முன்னேற்றம்தான், ஆனால் அதைச் சொல்லும் நேரம் அதுவல்ல. மருமகள் எண்ணெய் டப்பாவோடு பின்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஒரு டம்ளரைப் பிடிக்க மாட்டீங்க, என் ஃபில்டரைக் கிழிக்க மட்டும் தெம்பு வந்துடுச்சா?"

"வேணும்னா செஞ்சேன்?"

"வேணும்னு செஞ்சிருந்தா இவ்வளவு சுத்தமா கிழிஞ்சிருக்காது அத்தை."

உதிரிபாகக் கடைக்காரருக்குப் போன் போட்டாள். அந்த அளவு ஃபில்டர் கையிருப்பில் இல்லை, காலை பஸ்ஸில் பார்சல் வரும் என்றார். அது வருவதற்குள் வெடி நேரம் தாண்டிவிடும். ஊசி நூல் எடுத்துத் தைத்துப் பார்த்தாள். விளக்குக்கு நேராகப் பிடித்தால் தையல் ஓட்டை வழியே வெளிச்சம் தெரிந்தது. வாசலுக்கும் பின்கட்டுக்குமாக நடந்தாள்.

"ஒரே ஒரு நாள்தானே பெரியம்மா. ஃபில்டர் இல்லாம ஓட்டிடறேன்."

"அந்தப் புழுதியில மூக்குல துணி கட்டாம நீ போவியா?"

தைத்த ஸ்பாஞ்சைக் கீழே போட்டாள். அவளே சொன்னாள்: "இன்ஜின் தேஞ்சிடும். அப்புறம் வண்டியும் இல்ல, வேலையும் இல்ல."

"நடந்து போ" என்றார் மாமியார்.

"அது எவ்வளவு பெரிய சுத்துன்னு தெரியுமா அத்தை?"

"வீட்டுக்குள்ள இப்ப நீ நடந்ததுல பாதி இருக்குமா?"

அவசரம் நின்றாள். மேஸ்திரியைக் கூப்பிட்டாள். "சார், வண்டி ஓடாது. நான் விடியும்போதே நடக்க ஆரம்பிச்சிடறேன். நான் தாண்டிப் போன இடத்துல யாரும் நுழையக் கூடாது, உள்ள வர்ற மூணு வழியிலயும் ஆள் நிறுத்துங்க." அவர் ஏதோ கத்தினார். "நேரம் தவறினா நானே வேலையை விட்டுடறேன் சார்" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் நான் போனபோது அவள் கிளம்பிப் போயிருந்தாள். மாமியாருக்குக் கஞ்சி இறங்கவில்லை. "மணி என்ன?" என்று என்னைப் பிடுங்கி எடுத்தார், மருமகளுக்கு மேல். "இந்நேரம் வெடிச்சிருக்கணுமே. வெயில்ல விழுந்து கிடக்காளோ என்னவோ. நானும் ஒரு வாய் வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கேனா?"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். நேரம் தவறவில்லை. ஆறிய கஞ்சியைச் சூடு பண்ணிக் கொடுத்தேன், குடித்துவிட்டார்.

மதியத்துக்கு முன்னால் புழுதி அப்பிய முகத்தோடு வந்தாள். குதிகால் இரண்டிலும் கொப்புளம். கையில் ஒன்றுக்கு இரண்டாகப் புது ஃபில்டர். "எப்பவும் ஒண்ணு கூடுதலா வச்சிருன்னு மேஸ்திரி சொன்னார். வேலையை விட்டுப் போறவகிட்ட அப்படிச் சொல்ல மாட்டாங்கல்ல பெரியம்மா?"

"மாட்டாங்க. காலைக் காட்டு."

"முதல்ல வண்டி."

புது ஸ்பாஞ்சில் எண்ணெய் விட்டு, நிறம் எங்கும் ஒன்றாகும்வரை அமுக்கினாள். விளிம்பில் கிரீஸ் தடவினாள். குழாய் வாயிலிருந்த துணியை எடுத்துவிட்டு ஃபில்டரைப் பொருத்தி, சீட்டை மாட்டிக் கிளப்பினாள். இன்ஜின் சீராக ஓடியது. இன்னொரு ஃபில்டரை உறையோடு அலமாரியின் உச்சியில் வைத்தாள்.

"என் கைக்கு எட்டக் கூடாதுன்னா?" என்றார் மாமியார்.

"ஆமா அத்தை."

அதன் பிறகுதான் கொப்புளத்துக்கு மருந்து போட என்னிடம் காலை நீட்டினாள்.