தொலைநோக்கியில் எனக்கு முன் பார்த்தவர்களுக்கு

நேற்று மாலை மோர்னிங்சைட் பூங்காவில், தொலைநோக்கி கொண்டுவந்த மிஸ்டர் ராஜனோடு நான் சண்டை பிடித்ததாக இந்த ஈமெயில் குழுவில் இருவர் எழுதியிருக்கிறார்கள்.

நான் சண்டை பிடிக்கவில்லை. "மிஸ்டர் ராஜன், எனக்கு ஒண்டும் தெரியேல்லை" என்றேன். அவ்வளவுதான்.

வரிசையில் எனக்கு முன் நின்ற ஐந்து பேரும் சனிக்கிரகத்தைப் பார்த்து, "என்ன வடிவு" என்று அதன் அழகை வியந்துகொண்டு நகர்ந்தார்கள். நான் குனிந்து ஒரு கண்ணை வைத்துப் பார்த்தேன். வெறும் கறுப்பு.

போன மாதம்தான் அந்தக் கண்ணில் புரை எடுத்தார்கள். ஒப்பரேஷன் சரிவரவில்லை என்றுதான் நினைத்தேன். நானும் "வடிவு" என்று சொல்லி நகர்ந்திருக்கலாம். கொன்வென்ற்றில் படித்த வாய்க்கு அந்தப் பொய் வரவில்லை.

மிஸ்டர் ராஜன் தானும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அன்ரி, உங்கட கண்ணில பிழையில்லை. பூமி சுத்துதெல்லோ, சனி எப்பவோ விலகிப் போட்டுது. உங்களுக்கு முன்னால நிண்ட உவையள் பார்த்தது வெறும் வானம்."

குழாயைச் சற்றுத் திருப்பித் தந்தார். வளையத்துக்கும் கோளுக்கும் நடுவே இருந்த இடைவெளிகூடத் தெளிவாகத் தெரிந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

முதலில் நின்றவர் ஒருவேளை சனியைப் பார்த்திருக்கலாம். மற்ற நால்வரும் எதைப் பார்த்தீர்கள் என்று, பெயரோடு, முழு வசனத்தில் எனக்கு எழுதவும்.